தொலைநிலைக் கல்வி: சேர்வதும் முடிப்பதும்

(நமது ஜமாஅத்தின் கல்வி ஊக்குவிப்பு விழாவில், ஓய்வுபெற்ற அஞ்சல் துறை ஊழியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தொலைநிலைக் கல்வியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகிகள் என்னைப் பணித்தார்கள். நான் பேராசிரியன் அல்லன். 1978 முதல் 2017 வரை அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆயினும் இப்பொருளைப் பற்றிப் பேச அஞ்சல்காரனுக்கும் ஓரளவு உரிமை உண்டு என்று கருதுகிறேன். பல்கலைக்கழகங்கள் அனுப்பிய பாடநூல் கட்டுகளை இந்நகரின் தெருக்களுக்குப் பிரித்து அனுப்பியவர்கள் நாங்கள். அக்கட்டை வாங்கும் முகங்களில் மகிழ்ச்சி பொங்கும். ஆனால் மறு ஆண்டு அதே முகவரிகள் பலவற்றுக்குக் கட்டு வராது. எந்த வீட்டில் படிப்பு நின்றது என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஏன் நின்றது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அன்று கேட்காத அந்தக் கேள்வியை இன்று இந்த அவையில் கேட்க விரும்புகிறேன்.

நம் கைக்கெட்டிய வாய்ப்பு

கல்லூரி வாசலை மிதிக்க இயலாதவர்களுக்காக ஏற்பட்டதே இக்கல்வி. 1840ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் என்பவர் சுருக்கெழுத்துப் பாடத்தை அஞ்சல் வழியே கற்பித்தார். மாணவர்கள் பயிற்சியை எழுதி அனுப்புவார்கள். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். நம் நாட்டில் 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகத்தில் மதுரையில் 1971லும், நம் மாவட்டத்திலேயே உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1979லும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1981லும் அது வந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985லும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002லும் நிறுவப்பட்டன.

இன்று நம் மஹல்லாவில் தொலைநிலையில் படிப்போர் யார்? பகலில் கடையில் நிற்கும் வாலிபர், தொழிற்பேட்டையில் இரவுப்பணி பார்க்கும் சகோதரர், திருமணத்தோடு படிப்பை விட்ட பெண், வெளிநாட்டில் வேலை பார்க்கும் தகப்பனுக்குப் பதிலாக வீட்டுப் பொறுப்பைச் சுமக்கும் மூத்த மகன். இவர்களுக்கு இது இரண்டாவது வாய்ப்பு. பலருக்குக் கடைசி வாய்ப்பு. ஆகவே இவர்கள் சேர்வதைக் கொண்டாடுவது மட்டும் போதாது. முடிக்கிறார்களா என்று பார்க்கவும் வேண்டும்.

விரிசல் எங்கே தொடங்குகிறது?

நமது விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். செராமிக் வேலை தெரிந்தவர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொருளை அவசரமாக வெயிலில் காயவைத்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் முந்திக் காய்ந்து சுருங்கும். மறுபக்கம் ஈரமாகவே இருக்கும். மயிரிழை போல ஒரு விரிசல் விழும். அப்போது அது கண்ணுக்குப் புலப்படாது. சூளையில் வெந்து வெளியே வந்த பிறகே தெரியும். தொழில் அறியாதவர் சூளையைக் குறை சொல்வார். தொழில் அறிந்தவரோ, பொருளை உலர்த்திய இடத்தைப் போய்ப் பார்ப்பார்.

படிப்பும் இவ்வாறே. "தேர்வில் தோற்றான், அதனால் விட்டுவிட்டான்" என்று நாம் சொல்கிறோம். அது சூளையைக் குறை சொல்வது. விரிசல் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களிலேயே, யாரும் பாராத நேரத்தில் விழுந்துவிடுகிறது.

இதற்கு ஒரு சான்று சொல்கிறேன். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் இணையவழியில் நடத்திய பாடங்களின் 2012 முதல் 2018 வரையிலான பதிவுகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். பதிவு செய்தவர்களில் 52 விழுக்காட்டினர் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை! 2017-18இல் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு மூவர் அளவே. அதே பாடத்தைக் கட்டணம் செலுத்திச் சான்றிதழுக்காகப் படித்தவர்களில் 46 விழுக்காட்டினர் முடித்தனர். உலகின் தலைசிறந்த ஆசிரியர்கள், இலவசப் பாடம், வீட்டிலேயே வசதி எனும் இவை எல்லாம் இருந்தும், சேர்ந்தவர்களில் பாதிப்பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அறிவுக் குறைவு இதற்குக் காரணமாக இருக்க முடியாது. பாடத்தைத் திறந்து பார்த்தால் அல்லவா அறிவு சோதிக்கப்படும்?

என் கதையும் என் மாமன் மகன் கதையும்

அந்த 52 விழுக்காட்டில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். 1981இல் ஒரு பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் பி.காம். சேர்ந்தேன். சணல் கயிற்றால் கட்டிய பாடக்கட்டு வந்தது. பெருமையோடு வாப்பாவிடம் காட்டிவிட்டு அலமாரியின் மேல் வைத்தேன். நான்கு மாதம் அது அங்கேயே இருந்தது. தேர்வு நெருங்கியபோது கயிற்றை அவிழ்த்தேன். இரண்டு தாள்களில் தோற்றேன். முதலாண்டில் தோற்றவன் இரண்டாம் ஆண்டுக்குப் போக முடியாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அது சரியா என்று எவரிடமும் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஒருநாள் எங்கள் அலுவலகத்திலிருந்த மூத்த ஊழியர் ஒருவர், "தம்பி, எந்தத் தாள் நின்றுபோயிற்று?" என்று கேட்டார். அவரும் அஞ்சல் வழியில் படித்துக்கொண்டிருந்தவர். "நான் படிப்பை விட்டுவிட்டேன் அண்ணே" என்றேன். "நான் அதைக் கேட்கவில்லை, எந்தத் தாள் என்றுதான் கேட்டேன்" என்றார். கணக்குப் பதிவியல் என்றேன். அன்று மாலையே நமது ரயில் சந்திப்பின் நடைமேடை விளக்கடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முதல் கணக்கைப் போட்டோம். வாரம் மூன்று நாள் அந்தப் பெஞ்சு எங்கள் கல்லூரி ஆயிற்று. மூன்றாண்டுப் படிப்பை ஏழு ஆண்டுகளில், 1988இல் முடித்தேன். அந்தப் பட்டத்தைக் கொண்டுதான் துறைத் தேர்வுகளைத் துணிந்து எழுதினேன். பதவி உயர்வும் பெற்றேன்.

என் மாமன் மகனும் 1981லேயே என்னோடு சேர்ந்தவன். பள்ளியில் என்னைவிட எப்போதும் கூடுதல் மதிப்பெண் வாங்கியவன். சூளையில் இரவு வேலை பார்த்தான். முதலாண்டோடு நின்றான். "படிப்பு நமக்கு ஒத்துவராது மச்சான்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான். அவன் இன்று நம்மிடையே இல்லை. நான் மீண்டும் படிக்கத் தொடங்கிய அந்த ஆண்டில், பெஞ்சில் மூன்றாவதாக ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. நான் அவனைக் கூப்பிடவில்லை. என் படிப்பே பெரும்பாடாக இருந்ததால் அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. இந்த வயதிலும் அது என் மனத்தை அறுக்கிறது. அவனுக்கும் எனக்கும் அறிவில் வேறுபாடு இல்லை. என்னை ஒருவர் கேட்டார். அவனை ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவே.

ஆய்வாளர்கள் சொல்வதும் இதுவே

படிப்பை இடையில் விடுவது ஏன் என்று ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டின்ட்டோ, 1975இல் ஒரு கருத்தை முன்வைத்தார். கல்வி நிறுவனத்தோடும் அங்குள்ள மனிதர்களோடும் மாணவனுக்கு உறவு வலுப்பட்டால் அவன் நிலைத்து நிற்பான் என்பது அதன் சாரம். தொலைநிலை மாணவனுக்கோ வகுப்பறை இல்லை, நண்பர் கூட்டம் இல்லை, பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியரும் இல்லை. அந்த உறவை அவன் எங்கிருந்து பெறுவான்?

ஹாங்காங்கில் பணியாற்றிய டேவிட் கெம்பர் 1995இல் எழுதிய நூலில் இதற்கு விடை இருக்கிறது. பணிசெய்துகொண்டே படிப்பவனுக்கு வீடு, வேலையிடம், நண்பர்கள் ஆகிய மூன்றுமே கல்லூரி. விட்டவர்கள் பெரும்பாலும் "நேரம் இல்லை, வேலை அதிகம், வீட்டில் பிரச்சினை" என்று காரணம் சொல்கிறார்கள். முடித்தவர்களுக்கும் அதே வேலையும் அதே வீட்டுச் சுமையும் இருந்தன. ஆனால் அவர்கள் சுற்றியிருப்பவர்களோடு பேசி, தமக்கென ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் ஒதுக்கிக்கொண்டார்கள்.

இங்கிலாந்தில் 1969இல் சாசனம் பெற்று 1971இல் பாடம் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஓர்மண்ட் சிம்ப்சன் என்பவர் நெடுங்காலம் மாணவர் ஆதரவுப் பணியில் இருந்தார். மாணவன் உதவி கேட்டு வரும்வரை காத்திராமல், பாடம் தொடங்குமுன்னரே நாமாக அவனைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தால், நிலைத்து நிற்போர் எண்ணிக்கை கூடுகிறது என்று அவர் காட்டினார். தடுமாறுகிறவன் தானாக வந்து உதவி கேட்கமாட்டான். வெட்கப்படுவான், ஒதுங்குவான், பிறகு காணாமற்போவான்.

நெல்சன் மண்டேலா 1943இல் சட்டப்படிப்பைத் தொடங்கினார். சிறைக்குப் போன பின் அஞ்சல் வழியில் அதைத் தொடர்ந்தார். இடையில் படிக்கும் அனுமதியும் பறிக்கப்பட்டது. கடைசியில் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக 1989இல் சட்டப் பட்டம் பெற்றார். அவருடைய மனவுறுதியை நாம் போற்றுகிறோம். அத்தோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ராபன் தீவுச் சிறையில் கைதிகள் சுண்ணாம்புக்கல் குழியில் கல் உடைத்துக்கொண்டே ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்டார்கள். சிறையிலும்கூட அவர்கள் தனித்துப் படிக்கவில்லை.

மாணவர்களுக்குச் சில வேண்டுகோள்கள்

ஒன்று: சேருமுன் விசாரியுங்கள். நீங்கள் சேரும் ஆண்டில், நீங்கள் சேரும் பாடத்திற்கு, அந்நிறுவனம் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி பெற்றுள்ளதா என்று மானியக் குழுவின் இணையதளத்தில் பாருங்கள். அனுமதியுள்ள நிறுவனத்தின் தொலைநிலைப் பட்டம் நேர்முகக் கல்லூரிப் பட்டத்திற்குச் சமமானது என்று மானியக் குழு 2022இல் தெளிவுபடுத்தியுள்ளது. மருத்துவம், பொறியியல், சட்டம் போன்ற படிப்புகளுக்குத் தொலைநிலையில் அனுமதி இல்லை. பத்து, பன்னிரண்டு, அதன்பின் பட்டம் என்ற வரிசையைத் தமிழ்நாடு அரசுப் பணிகள் எதிர்பார்க்கின்றன என்பதையும் மறவாதீர்கள்.

இரண்டு: பாடக்கட்டை வந்த அன்றே பிரியுங்கள். அன்று இரவே முதல் பாடத்தின் முதல் பக்கங்களைப் படித்துவிடுங்கள். அலமாரியின் மேல் ஏறிய கட்டு எளிதில் இறங்காது. அது எனக்குத் தெரியும்.

மூன்று: ஒப்படைப்புகளைச் சுமையாக நினைக்காதீர்கள். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான பாடங்களில் மதிப்பெண்ணில் 30 விழுக்காடு ஒப்படைப்புக்கு உரியது. பாடத்தோடு உங்களைக் கட்டிவைக்கும் கயிறும் அதுவே. பிட்மன் காலத்திலேயே அஞ்சல்வழிக் கல்வி நின்றது, எழுதி அனுப்பியதைத் திருத்தித் திருப்பி அனுப்பும் அந்தப் பழக்கத்தின் மேல்தான். முதல் ஒப்படைப்பை முதல் இரண்டு மாதங்களுக்குள் எழுதிவிடுங்கள். கடையில் காசு கொடுத்து வாங்கி நகல் எடுக்காதீர்கள். அப்படிச் செய்பவர் தேர்வுக் கூடத்தில்தான் முதன்முறையாகப் பேனாவைத் திறக்கிறார்.

நான்கு: ஒரு தாளில் தோற்றால் படிப்பு முடிந்துவிட்டது என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுப் பட்டத்தை முடிக்க ஆறு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடக்கிறது. முதலாண்டுத் தேர்வில் தோற்றாலும், எழுதவே இல்லை என்றாலும், அடுத்த ஆண்டுக்கு மறுபதிவு செய்துகொள்ளலாம். மற்றப் பல்கலைக்கழகங்களில் விதிகள் வேறுபடலாம், கையேட்டைப் படியுங்கள். நான் இரண்டு ஆண்டுகளை இழந்தது பாடம் கடினம் என்பதனால் அல்ல, கையேட்டைப் படிக்காததனால்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

எங்கள் தெருவில் ஒரு மருமகள் பி.ஏ. முடித்தாள். கைக்குழந்தை வைத்திருந்தவள். எப்படி முடித்தாய் மகளே என்று கேட்டேன். "ஃபஜ்ருக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் குழந்தையை மாமி வாங்கிக்கொள்வார்கள். ஒருநாளும் அந்த நேரத்தில் என்னைக் கூப்பிட்டதில்லை" என்றாள். அந்த மாமியார் பள்ளிக்கூடம் போகாதவர். ஆயினும் அந்தப் பட்டத்தில் பாதி அவருடையது என்றே நான் சொல்வேன்.

பெற்றோர்களே, கணவன்மார்களே, மாமியார்களே! படிக்கிறவர்களுக்குப் பணம் கொடுக்க இயலாவிட்டாலும் ஒரு மணி நேரம் கொடுங்கள். அந்த நேரத்தில் கடைக்கு அனுப்பாதீர்கள்; விருந்தாளிக்குத் தேநீர் போடச் சொல்லாதீர்கள். தேர்வுத் தேதி தெரிந்ததும் அந்த வாரத்தில் திருமண வேலைகளை வைக்காதீர்கள். தொழில் நடத்தும் சகோதரர்கள், உங்களிடம் வேலை பார்ப்பவர் தேர்வு எழுதும் நாள்களில் இரவுப்பணியை மாற்றிக் கொடுங்கள். இவை பெரிய தியாகங்கள் அல்ல. ஆனால் இவை இல்லாமற்போனதால்தான் எத்தனையோ பேர் படிப்பை விட்டார்கள்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

நிறைவாக, நிர்வாகக் குழுவின் முன் பணிவோடு சில யோசனைகளை வைக்கிறேன்.

இஷாத் தொழுகைக்குப் பின் மதரஸாவின் ஓர் அறையை விளக்கோடும் மின்விசிறியோடும் படிப்பவர்களுக்குத் திறந்துவிடுங்கள். பெண்களுக்குத் தனியே ஒரு பகல்நேரத்தை ஒதுக்குங்கள். ஒரே பாடம் படிப்பவர்களாக இருக்க வேண்டியதில்லை. நானும் அந்த மூத்த ஊழியரும் வெவ்வேறு பாடம் படித்தவர்களே. பக்கத்தில் ஒருவர் படித்துக்கொண்டிருப்பதே ஒரு துணை.

தொலைநிலையில் படிப்போரின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதி, ஐந்து பேருக்கு ஒருவர் என்று முன்னரே பட்டம் முடித்தவர்களைப் பொறுப்பாக்குங்கள். அவர்கள் பாடம் நடத்த வேண்டாம். மாதம் ஒருமுறை கைப்பேசியில் அழைத்து, "ஒப்படைப்பு எழுதியாயிற்றா? தேர்வுக் கட்டணம் கட்டியாயிற்றா? எந்தத் தாள் நிற்கிறது?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். இப்பணிக்கு முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை முழுவதையும் சேர்க்கையின்போதே கொடுத்துவிடாமல், ஒரு பகுதியைத் தேர்வுக் கட்டணத்திற்கும் தேர்வு மையத்திற்குப் போய்வரும் செலவுக்கும் வைத்திருங்கள். சேரும்போது உற்சாகமும் இருக்கும், உதவுவோரும் இருப்பார்கள். கட்டணத்தின் கடைசி நாளன்று கையில் காசு இல்லாதபோதுதான் கை கொடுக்க ஆள் வேண்டும்.

கடைசியாக ஒன்று. நம் ஆண்டறிக்கையில் உதவித்தொகை பெற்றவர்களின் எண்ணிக்கையை ஒவ்வோர் ஆண்டும் அச்சிடுகிறோம். அது நல்ல வழக்கம். அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் போடுங்கள். 'இவ்வாண்டு முடித்தவர்கள்' என்று ஒன்று. 'இடையில் நின்றவர்கள்' என்று மற்றொன்று. பெயர் வேண்டாம், எவரையும் வெட்கப்படுத்த வேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும். முதலாண்டில் அந்த மூன்றாவது எண் நமக்குத் தலைக்குனிவாக இருக்கலாம். இருந்தாலும் அச்சிடுவோம். ஏனெனில் அந்த எண்ணுக்குள் இருப்பவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர்; நாம் கேட்காமல் விட்டவர்கள்.

இந்த அவையில் படிப்பை இடையில் விட்டவர்கள் கட்டாயம் இருக்கிறீர்கள். உங்களிடம் நான் ஏன் விட்டீர்கள் என்று கேட்கப்போவதில்லை. என் அண்ணன் என்னிடம் கேட்டதையே கேட்கிறேன். எந்தத் தாள் நிற்கிறது? கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். மாடியில் அந்த அறையில் காத்திருப்பேன்.